ஒரிஜினல் ஒரிஜினல்னு சொல்றாங்களே, எது ஒரிஜினல்?

சின்ன வயசுல எங்க தெருவுல ஒருத்தர் தள்ளுவண்டியில வருவார். பழைய இரும்பு, ஈயம், பித்தளை கொண்டுபோய்ப் போட்டா, தராசுல நிறுத்துப் பேரீச்சம்பழம் தருவார். ஓட்டை வாளி, உடைஞ்ச சைக்கிள் மட்கார்டு, கைப்பிடி போன தாளிப்புக் கரண்டி எல்லாத்துக்கும் அவர்கிட்ட ஒரு விலை இருந்துச்சு. பொருளைப் பார்த்ததுமே முகத்தைச் சுளிப்பார். அது வியாபார தந்திரம்னு ரொம்ப வருஷம் கழிச்சுதான் புரிஞ்சது.

2023 ஆகஸ்ட்ல கலிஃபோர்னியாவின் மாண்டெரேயில ஆர்எம் சாத்தபீஸ் ஏலத்துல வித்த ஒரு பொருளை மட்டும் அவர்கிட்ட காட்டியிருந்தா, தந்திரம் ஏதும் இல்லாமலே நிஜமா முகத்தைச் சுளிச்சிருப்பார். பாதி உருகி, நசுங்கி, துருப்பிடிச்ச ஒரு குவியல். கதவு எது, மூக்கு எதுன்னு படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாதான் தெரியும். அது 1954ஆம் வருஷத்து ஃபெராரி 500 மாண்டியல் ஸ்பைடர். அந்த வருஷம் மில்லே மிலியாவுல ஓடின வண்டி. 1960கள்ல மோதித் தீப்பிடிச்சு எரிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் யாரும் அதைச் சரி பண்ணவே இல்லை. அப்படியே பல பத்து வருஷம் கிடந்தது. ஏலத்துல போன விலை 18,75,000 டாலர். நம்ம காசுக்கு சுமார் 15.5 கோடி.

பதினஞ்சரைக் கோடிக்கு அவங்க என்னத்த வாங்கினாங்க? என்ஜினா? அதோட பிறந்த என்ஜினே அதுல கிடையாது. கூட வந்தது 750 மான்ஸாவுல இருக்கிற வகை 3 லிட்டர் என்ஜின். கியர்பாக்ஸ் மட்டும் பழசு. உடம்பைப் பத்திப் பேசவே வேண்டாம். வாங்கினது ஒரு நம்பரை. 0406 எம்டி. அவ்வளவுதான். அந்த நம்பரும் அதைச் சுமந்த இரும்பும் கையில இருந்தா, மொடேனா பக்கம் நல்ல பட்டறையில விட்டுச் சில வருஷம் காத்திருந்து, செவசெவன்னு பளபளக்கிற முழு வண்டியா வெளிய எடுத்துடலாம்.

அப்படி வர்ற வண்டியை என்னன்னு கூப்பிடுவாங்க? அதுலதான் எனக்குச் சண்டை.

இதைப் பத்திப் போன மாசம் நண்பர் ஒருத்தரோட போன்ல முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டினேன். "ஃபேக்டரியே சர்டிபிகேட் குடுத்துட்டா அப்புறம் உனக்கென்ன வந்துச்சு? நீயா வாங்கப் போறே?" அப்படின்னார். நியாயமான கேள்வி. என்கிட்ட இருக்கிறது செகண்ட் ஹேண்ட் ஸ்கூட்டர், அதுவும் காலையில பத்து உதை வாங்கினாதான் உயிர் வரும். ஆனா தஞ்சாவூர் கோயிலைப் பத்திப் பேசறதுக்கு அதை விலைக்கு வாங்கியிருக்கணுமா என்ன? அவர் போனை வெச்சுட்டார். நான் விடறதா இல்லை, அதான் இந்தப் பதிவு. :-)

முதல்ல, ஒரு பழைய இத்தாலிய வண்டி நிஜமா போலியான்னு எப்படித்தான் பார்க்கிறாங்க? இது தெரியாம திட்டறது தப்பு. சொல்லப்போனா துப்பறியும் கதை மாதிரி ரொம்ப சுவாரஸ்யமான வேலை.

அந்தக் காலத்து ஃபெராரியில சேஸி நம்பரை சட்டத்துல கையால அடிப்பாங்க. எழுத்து அச்சை வெச்சு சுத்தியலால ஒரு போடு. அதனால வரிசை கொஞ்சம் கோணலா இருக்கும், ஒரு எழுத்து ஆழமா, ஒண்ணு மேலோட்டமா இருக்கும். எல்லாம் ஸ்கேல் வெச்ச மாதிரி நேரா இருந்தாதான் சந்தேகப்படணும். 1950, 60கள்ல பொதுவா பந்தய வண்டிக்கு இரட்டைப்படை நம்பர், ரோட்டு வண்டிக்கு ஒற்றைப்படை. பின்னாடி வர்ற எழுத்து வகையைச் சொல்லும். மேல சொன்ன 0406ல எம்டின்னா மாண்டியல். இது தவிர என்ஜினுக்கு உள் நம்பர்னு தனியா ஒண்ணு, கியர்பாக்ஸுக்கு ஒண்ணு, பின் அச்சுக்கு ஒண்ணு. உடம்பைத் தட்டிச் செஞ்ச பட்டறை, அது பினின்ஃபரினாவோ ஸ்காலியெட்டியோ, அவங்க பங்குக்குத் தகட்டோட உள்பக்கம் ஒரு நம்பர் போட்டிருப்பாங்க. கதவுக்குப் பின்னாடி, பானெட்டுக்கு அடியில, யாரும் பார்க்காத இடத்துல. போலி பண்றவன் அசர்ற இடம் இதுதான். முன்னாடி தெரியற பலகையைச் செஞ்சுடுவான், தோலுக்கு அடியில இருக்கிற பென்சில் கிறுக்கலைச் செய்ய மறந்துடுவான்.

பழைய நம்பரை அரைச்சு எடுத்துட்டுப் புதுசு அடிச்சாலும் ஆபத்துதான். அடிச்ச இடத்துல இரும்பு உள்ளுக்குள்ள இறுகியிருக்கும். மேல வழவழன்னு தேய்ச்சாலும் அடியில அந்த இறுக்கம் போகாது. அமிலம் தடவினா பழைய எழுத்து மங்கலா மேல வரும், செத்துப்போனவன் சாட்சி சொல்ற மாதிரி.

அப்புறம் காகிதம். தொழிற்சாலையில வண்டி கட்டினப்போ எழுதின தாள்கள், இத்தாலியோட வாகனப் பதிவேட்டுல யார் யார் பேருக்கு மாறுச்சுங்கிற விவரம், பந்தயத்துல யாரோ எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள். படத்துல தெரியற ஒரு ரிவெட் வரிசையை வெச்சு, ஒரு பத்த வெச்ச தழும்பை வெச்சு, இந்த வண்டிதான் அந்த வண்டின்னு சொல்ற ஆளுங்க இருக்காங்க. ஸ்விட்சர்லாந்துக்காரர் மார்செல் மசினி வாழ்நாள் பூரா ஃபெராரிகளோட ஜாதகத்தைச் சேர்த்து வெச்சிருக்கார். அவர் அறிக்கை ஒண்ணு கூட இருந்தா ஏலத்துல வண்டிக்குத் தனி மரியாதை. இந்த உழைப்பு மேல எனக்கு ஒரு குறையும் இல்லை. கும்பிடறேன்.

என் கோபம் வேற இடத்துல. இவ்வளவு உழைப்பும் கடைசியில ஒரே கேள்விக்குத்தான் பதில் சொல்லுது: "இது எந்த வண்டி?" ஆனா விக்கிறவன் அதை எடுத்துக்கிட்டு, "இதுல எவ்வளவு பழசு?"ங்கிற வேற கேள்விக்குப் பதிலா மாத்திடறான். அடையாளம் வேற, பழமை வேற. ரெண்டையும் ஒரே வார்த்தையில போட்டுக் குழப்பி, அந்தக் குழப்பத்துக்கு மேல கோடிக்கணக்குல கடை நடத்தறாங்க.

இந்த வித்தியாசம் நான் கண்டுபிடிச்சது இல்லை. 1990ல லண்டன் உயர் நீதிமன்றத்துலயே அலசினாங்க. வண்டி இத்தாலி இல்லை, பென்ட்லி, இருந்தாலும் கதை இங்க ரொம்பப் பொருந்தும். 1929, 1930 ரெண்டு வருஷமும் லெ மான் ஜெயிச்ச 'ஓல்ட் நம்பர் ஒன்'. ஒரு கோடி பவுண்டுக்குப் பேசி முடிச்ச பிறகு, "இதுல பழைய பாகம் ஒண்ணுமே இல்லையே, இது அந்த வண்டியே இல்லை"ன்னு வாங்க வந்தவங்க பின்வாங்கிட்டாங்க. நீதிபதி ஓட்டன் பொறுமையா எல்லாத்தையும் கேட்டார். ஜெயிச்ச அன்னிக்கு இருந்த பாகம் சொற்பம்தான்னு ஒத்துக்கிட்டார். ஆனா வண்டி ஒரு நாளும் மறைஞ்சு போகலை, கொஞ்சம் கொஞ்சமா மாறிக்கிட்டே தொடர்ந்து இருந்திருக்கு, அதனால இது அந்த வண்டிதான், பழைய பாகங்களோட அப்படியே இருக்குன்னு மட்டும் சொல்லக்கூடாதுன்னு தீர்ப்பு. எவ்வளவு தெளிவா இருக்கு பாருங்க! முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. ஏலக் கம்பெனிக்காரங்க இன்னும் இதைப் படிக்காத மாதிரியே நடிக்கிறாங்க.

சரி, சர்டிபிகேட் விஷயத்துக்கு வருவோம்.

ஃபெராரி 2006ல 'கிளாசிக்கே'ன்னு ஒரு பிரிவை ஆரம்பிச்சது. பழைய வண்டியைக் கொண்டு போனா அக்குவேறு ஆணிவேறா பார்த்து, ஆவணக்கிடங்குல இருக்கிற தாளோட ஒப்பிட்டு, சிவப்பு அட்டை போட்ட ஒரு புத்தகம் தருவாங்க. சந்தையில அதுக்குப் பேரே சிவப்புப் புத்தகம். அங்க கேக்கற அடிப்படைக் கேள்வி, வண்டி தொழிற்சாலையை விட்டு வெளிய வந்தப்போ இருந்த மாதிரி இருக்காங்கிறது. பழைய பாகம் இருந்தா நல்லது. இல்லையா, பழைய அளவுப்படி செஞ்ச பாகம் இருக்கணும். அந்தப் பாகத்தைச் செஞ்சு தர்றது யாரு? அதே பிரிவு. என்ஜின் பிளாக்கையே புதுசா வார்த்துத் தருவாங்க. வண்டியைப் பிரிச்சுப் புதுப்பிக்கிறது யாரு? அதே பிரிவு. முடிச்சுட்டு "சரியா இருக்கு"ன்னு முத்திரை குத்தறது? ஆமாங்க, அதேதான். டியூஷன் எடுக்கிற வாத்தியாரே கேள்வித்தாள் தயாரிச்சு அவரே பேப்பர் திருத்தறதை நாம என்னன்னு சொல்லுவோம்?

புத்தகத்துக்குள்ள எது பழசு, எது அப்புறம் மாத்தினதுன்னு எழுதறாங்கங்கிறது உண்மை. அதை மறைக்க மாட்டேன். ஆனா விளம்பரத்துல அந்தப் பக்கமா வருது? "கிளாசிக்கே சான்று பெற்றது"ங்கிற ஒரு வரி வரும், வாங்கறவன் மத்ததை அவனே கற்பனை பண்ணிக்குவான்.

இன்னொரு வேடிக்கை. மரனெல்லோவோட பழைய காகிதத்தை வேதவாக்கா எடுத்துக்கறோமே, அந்தக் காகிதத்தை எழுதின ஆளு யாரு? என்ஸோ ஃபெராரி. மனுஷன் மேதை, மறுக்கலை. ஆனா காகிதத்துல உண்மை எழுதறதுல அவருக்குப் பெரிய ஆர்வம் இருந்ததா சொல்ல முடியாது. ஜிடி பந்தயத்துக்கு 100 வண்டி செய்யணும்னு விதி. 250 ஜிடிஓ செஞ்சது மொத்தம் 36. "இது புது வண்டியே இல்லைங்க, ஏற்கனவே இருக்கிற 250 ஜிடியோட கொஞ்சம் திருத்தின வடிவம்"னு சொல்லி அனுமதி வாங்கிட்டார். அடுத்ததா 250 எல்எம். என்ஜின் நடுவுல இருக்கிற முழுக்க வேற வண்டி. அதுக்கும் அதே பாட்டைப் பாடினார். இந்தத் தடவை எஃப்ஐஏ நம்பலை, முடியாதுன்னுட்டாங்க. அதைவிட அந்தப் பேரைப் பாருங்க. 250ன்னா ஒரு சிலிண்டருக்கு 250 சிசி, 12 சிலிண்டருக்கு 3 லிட்டர். ஆனா முதல் வண்டியைத் தவிர மத்த எல்எம் எல்லாத்துலயும் இருந்தது 3.3 லிட்டர். கணக்குப்படி 275 எல்எம்னு பேர் வெச்சிருக்கணும். பழைய 250ஓட தொடர்ச்சின்னு காட்டணுமே, அதனால பேரே பொய்! பேர் பொய்யான அந்த வகையில ஒரு வண்டி, 1965 லெ மான் ஜெயிச்சது, 2025 பிப்ரவரியில பாரிஸ்ல சுமார் 3.49 கோடி யூரோவுக்குப் போச்சு. நிஜமான வண்டி, நிஜமான வெற்றி, பொய்யான பேர். இதுல "தொழிற்சாலை ஆவணப்படி"ங்கிற வார்த்தைக்கு எவ்வளவு மதிப்புன்னு நீங்களே சொல்லுங்க.

பந்தயக் காலத்துல சுங்கச்சாவடி தொல்லைக்காக, ஒரு வண்டியோட நம்பர் பலகையைக் கழட்டி இன்னொண்ணுல மாட்டிக்கிட்டு எல்லை தாண்டின கதைகளும் அந்தத் தொழில்ல சகஜம். எடுத்துட்டுப் போக அனுமதிச் சீட்டு ஒரு நம்பருக்குத்தானே இருக்கு! அன்னிக்கு அதை யாரும் மோசடியா நினைக்கலை. அது வெறும் வேலை செய்யற வண்டி, இந்த ஞாயித்துக்கிழமை ஜெயிக்கணும், அவ்வளவுதான். உடைஞ்ச மூக்கை மாத்தினாங்க, வெடிச்ச என்ஜினைத் தூக்கிப் போட்டு வேற வெச்சாங்க. அந்தப் பந்தய வண்டியைப் போய், பிறந்த அன்னிக்கு இருந்த மாதிரியே இருன்னு சொன்னா, அது வாழ்ந்ததையே தப்புன்னு சொல்ற மாதிரி இல்லையா?

இங்கதான் நிஜமான சேதாரம் நடக்குது. 1963ல ஒரு பந்தயத்துக்காக மாத்தின மூக்கை, "தாள்ல இப்படி இல்லையே"ன்னு வெட்டி எறியறாங்க. அம்பது வருஷத்துப் பெயிண்ட்டைச் சுரண்டி, அடியில இருந்த மூணு நிறத்தையும் சேர்த்துக் குப்பையில போட்டுட்டு, சிவப்பு அடிக்கிறாங்க. அந்த மூணு நிறம்தான் சாட்சி! வண்டி யார்கிட்ட இருந்துச்சு, எப்ப அடிபட்டுச்சுன்னு அடுக்கடுக்கா சொல்லியிருக்கும். அசல்னு சான்று வாங்கறதுக்காக அசலை அழிக்கிறது. என்ன கொடுமை சார் இது?

இதைவிடப் பெரிய கொடுமை 250 ஜிடிஇக்கு நடந்தது. 1960ல இருந்து 63 வரைக்கும் வந்த நாலு பேர் உக்கார்ற ஃபெராரி. சுமார் 950 செஞ்சாங்க. அமைதியான, குடும்பத்தோட போற கார். பாவம் அது பண்ணின ஒரே குத்தம், ஜிடிஓவோட 3 லிட்டர் வி12 குடும்பத்துலயே பிறந்தது. ஜிடிஓ விலை ஏற ஏற, இந்த வண்டிகளைப் பிடிச்சு, உடம்பை உரிச்சு, சட்டத்தை வெட்டி நீளத்தைக் குறைச்சு, மேல ஜிடிஓ மாதிரி அலுமினியச் சட்டை போட்டாங்க. ஜிடிஇ மட்டும் இல்லை, மதிப்புக் குறைஞ்ச பழைய ஃபெராரிகள் எத்தனையோ இப்படிக் கசாப்புக்குப் போச்சு. டேட்டோனா கூப்பேயோட கூரையை அறுத்துட்டு ஸ்பைடர்னு ஓட்டினாங்க, ஏன்னா தொழிற்சாலை செஞ்ச நிஜ ஸ்பைடர் 122 தான். 2019ல பொலோனியா நீதிமன்றம் ஜிடிஓவோட உருவமே கலைப்படைப்பு, நகல் எடுக்கக் கூடாதுன்னு சொன்னப்போ எல்லாரும் கைதட்டினாங்க. நல்லதுதான். ஆனா நகல் எடுக்கறதுக்காக வெட்டுப்பட்ட ஜிடிஇக்கு எந்த நீதிமன்றமும் கண்ணீர் விடலை. அதுவும் ஒரிஜினல்தானே? விலை கம்மியா இருந்தா ஒரிஜினல் இல்லையா?

2018ல 4.84 கோடி டாலர், 2023ல 5.17 கோடி டாலர்னு ஏலத்துல ஜிடிஓ போயிருக்கு. அவ்வளவு காசு இருக்கிற இடத்துல, "நம்பர் ஒத்துப்போகுது"ங்கிற நாலு வார்த்தைக்கு எத்தனை பூஜ்யம் மதிப்புன்னு யோசிங்க. நம்பர்தான் உயிர்னு ஆக்கிட்டா, நம்பரை அடிக்கிறவன் கடவுள் ஆயிடுவான். எரிஞ்ச வண்டியோட சட்டம் ஒருத்தர்கிட்ட, என்ஜின் இன்னொருத்தர்கிட்ட போய், ரெண்டு பேரும் ஆளுக்கொரு வண்டி கட்டி "என்னுதுதான் அது"ன்னு நிக்கிறதும் இதனாலதான். 375 பிளஸ் ஒண்ணு, 1980கள்ல அமெரிக்காவின் ஒஹாயோவுல திருட்டுப்போய், பெல்ஜியத்துல கிடைச்சு, ஒரு பக்கம் வண்டி, மறுபக்கம் மீதிப் பாகமும் காகிதமும்னு பல வருஷம் இழுபறி. 2014ல குட்வுட்ல ஒரு கோடி பவுண்டுக்கு மேல ஏலம் போன பிறகும் வழக்கு ஓயலை.

அப்போ எப்படித்தான் பார்க்கணும்கிறேன்னு கேப்பீங்க. நல்லபடியா நடந்த ஒண்ணைச் சொல்றேன். அதுவும் ஒரு ஃபேக்டரி பண்ணினதுதான், அதனால ஃபேக்டரின்னாலே எனக்கு ஆகாதுன்னு நினைச்சுடாதீங்க.

'தி இத்தாலியன் ஜாப்' (1969) படம் பார்த்திருப்பீங்க. ஆரம்பத்துல ஆரஞ்சு நிற லம்போர்கினி மியூரா, கிரேட் செயின்ட் பெர்னார்ட் மலைப்பாதையில வளைஞ்சு வளைஞ்சு போகும். சுரங்கத்துக்குள்ள போய் டமார். அப்புறம் நசுங்கின உடம்பைப் பள்ளத்துல தள்ளுவாங்க. தள்ளினது ஏற்கனவே விபத்துல போன வேற மியூரா. அப்போ ஓட்டின வண்டி எங்க? 2019ல லம்போர்கினியோட 'போலோ ஸ்டோரிகோ' பிரிவு, சேஸி நம்பர் 3586 தான் அதுன்னு உறுதி பண்ணினாங்க. காகிதத்தைப் பார்த்தாங்க, வண்டியைப் பார்த்தாங்க. அதோட நிறுத்தாம, அன்னிக்கு அந்த வண்டியைப் படப்பிடிப்புக்கு ஓட்டிக்கிட்டுப் போன சோதனை ஓட்டுநர் என்ஸோ மொருஸியைத் தேடிப்போய்க் கேட்டாங்க.

அவர் சொன்ன விஷயம்தான் முத்து. 3586க்கு வெள்ளைத் தோல் இருக்கை. நசுங்கின வண்டிக்கோ கறுப்பு. படத்துல ரெண்டும் ஒண்ணா தெரியணும். அதுவும் போக, வாடிக்கையாளருக்குப் போக வேண்டிய வண்டி, இருக்கை அழுக்காகக் கூடாது. அதனால வெள்ளை இருக்கையைக் கழட்டிட்டு, சோதனைக்கு வெச்சிருந்த கறுப்பு இருக்கையை மாட்டிட்டாங்க. ஆனா மியூராவுல தலை சாய்க்கிற திண்டு இருக்கையோட ஒட்டினது இல்லை, பின்னாடி கண்ணாடித் தடுப்புல தனியா இருக்கும். அதைக் கழட்ட நேரமில்லை. படத்தை நிறுத்தி நிறுத்திப் பாருங்க, கறுப்பு இருக்கைக்கு மேல வெள்ளைத் திண்டு தெரியும்!

எந்த நம்பர் பலகையும் இதைச் சொல்லாது. தொழிற்சாலைத் தாள்ல "வெள்ளை இருக்கை"ன்னுதான் இருக்கும். தாளோட பொருந்தாத அந்த ஒரு நாள் குளறுபடிதான், தலைமுறை தாண்டி வந்து அடையாளத்தை உறுதி பண்ணுச்சு.

நான் கேக்கறது பெருசா ஒண்ணுமில்லைங்க. விக்கிறவன் "ஒரிஜினல்"னு ஒத்தை வார்த்தையில சொல்லாம, எந்த இரும்பு எந்த வருஷத்துதுன்னு விளம்பரத்துலயே எழுதட்டும். புதுசா வார்த்த பிளாக்ல பழைய நம்பரை அடிக்காதே, புது வருஷத்தை அடி. புதுப்பிக்கிறவனும் சான்று தர்றவனும் ஒரே ஆளா இருக்கக் கூடாது. பழைய பெயிண்ட்டுல கை வைக்கிறதுக்கு முன்னாடி நூறு தடவை யோசி. காத்து கொஞ்சம் திரும்புதுன்னும் தோணுது. 2024ல பெபிள் பீச் போட்டியில முதல் பரிசை, புதுப்பிக்கவே புதுப்பிக்காத 1934 புகாட்டி டைப் 59க்குக் குடுத்தாங்க. அப்படிப் பாதுகாத்த வண்டி அங்க முதல் பரிசு வாங்கினது அதுதான் முதல் தடவை. சுருக்கம் விழுந்த பெயிண்ட்டோட போய், பளபளக்கிறவங்களை எல்லாம் ஓரங்கட்டிடுச்சு.

அந்த 0406 எம்டியை இப்போ என்ன பண்ணிக்கிட்டிருக்காங்களோ. என் கையில இருந்தா அப்படியே ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள்ள வெச்சுடுவேன். நண்பர்கிட்ட இதைச் சொன்னேன். "பதினஞ்சரைக் கோடி குடுத்து எவனாவது ஓட்டை வாளியைக் கூண்டுல வெப்பானா?"ன்னு சிரிச்சார். சிரிக்கட்டும். பக்கத்துலயே சிவப்பா ஒரு புது மாண்டியல் கட்டிக்கட்டும், வேண்டாங்கலை. அதுக்கு வேற நம்பர் போடட்டும்.